இரண்டு பாட்டுக்கு நடுவே பிறந்த மென்பொருள்

ஆடி மாதம் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்து பாருங்கள். சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், ரிஷிவந்தியம் என்று எந்தச் சாலையில் போனாலும் ஏதாவது ஓர் அம்மன் கோயில் வாசலில் மேடை போட்டிருப்பார்கள். ஓர் ஊரில் கூத்து, அடுத்த ஊரில் மெல்லிசைக் கச்சேரி. கச்சேரி மேடையில் எல்லாருக்கும் இரண்டு பாட்டுக்கு நடுவே கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் உண்டு. பாடகர் தண்ணீர் குடிப்பார். தபலாக்காரர் சுத்தியலை எடுத்து வாரைத் தட்டிப் பார்ப்பார். அறிவிப்பாளர் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிப்பார். கீபோர்டுக்காரருக்கு மட்டும் அதுதான் வேலை நேரம்.

முடிந்த பாட்டில் வலக்கைக்குப் புல்லாங்குழல், இடக்கைக்கு வயலின் கூட்டம். வரப்போகும் பாட்டுக்கோ தொடக்கத்தில் கிடார், முதல் இடையிசையில் சித்தார், இரண்டாவதில் மணியோசை, சரணத்துக்குப் பின்னால் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ். படத்தில் மூன்று கட்டையில் இருக்கும் பாட்டை இன்றைய பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடப்போகிறார். ட்ரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று தடவை இறக்க வேண்டும். இறக்க மறந்தால் பாடகர் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் என்று போகும். ஊரே திரும்பிப் பார்க்கும். இத்தனையையும் அறிவிப்பாளர் மைக்கை வைப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

மேடையில் கீபோர்டு வாசிப்பதற்கென்றே இன்று இருக்கும் மென்பொருள்கள் இந்த அவசரத்துக்காகப் பிறந்தவை. மெயின்ஸ்டேஜ், கேன்டபிலே, கிக் பெர்ஃபார்மர் என்று பெயர்கள் பல இருந்தாலும் வேலை ஒன்றுதான். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எந்த டோன், எந்தக் கை, எத்தனை கட்டை என்பதை வீட்டில் உட்கார்ந்து எழுதி வைத்துவிடலாம். மேடையில் கால் பெடலை ஒரு மிதி மிதித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் மாறும். பாட்டுக் கட்டவோ ரெக்கார்டிங் செய்யவோ இவை வந்தவை அல்ல. ரெக்கார்டிங்கில் தப்பு வந்தால் இன்னொரு டேக் போகலாம். மேடையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் கணினி ஸ்டுடியோவுக்குள் நுழைந்து ஏறத்தாழ 20 ஆண்டு கழித்தே மேடைக்காரர்கள் நம்பிக் கைவைக்கும் மென்பொருள் வந்தது. அந்த 20 ஆண்டு ஏன் ஆயிற்று என்பதில்தான் கதையே இருக்கிறது.

கூத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், முகவீணை, தாளம், ஆளுக்கு ஒரு குரல். விடிய விடிய அதே குரல்தான். துரியோதனன் வந்தாலும் திரௌபதி வந்தாலும் பெட்டியின் ஒலி மாறாது. ராகமும் வேகமும்தான் மாறும். தொல்லை தொடங்கியது சினிமாப் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தபோது. சென்னை ஸ்டுடியோவில் ஒரு கூட்டமே உட்கார்ந்து வாசித்ததை வேனில் வந்து இறங்கும் எட்டுப் பேர் வாசித்துக் காட்ட வேண்டும். வயலின்காரர் வரவில்லை, புல்லாங்குழலுக்கு ஆள் இல்லை என்றால் எல்லாம் கீபோர்டுக்காரர் தலையில்தான் விழும். இரண்டு தட்டு ஸ்டாண்டு போட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கீபோர்டு அடுக்கினார்கள். ஒரு கருவி மற்றதோடு பேசாது. மேல்தட்டில் டோன் மாற்றினால் கீழ்த்தட்டுக்குத் தெரியாது.

கருவிகளின் விலையும் அப்படி. இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976-இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அந்த வீட்டுப் பையன்தான் ஏ.ஆர்.ரஹ்மான். இருந்த கருவிகளை வைத்து ஒரு குடும்பம் வாடகையில் காலம் தள்ள முடிந்தது என்றால், பத்து டோன் வேண்டும் என்பதற்காக இன்னொரு கீபோர்டு வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கருவிகளைப் பேச வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை 1972-இல் தொடங்கிய இகுதாரோ காகேஹாஷி. ஒசாகாக்காரர், இளம்வயதில் காசநோயோடு போராடி மீண்டவர். இன்னொருவர் கலிஃபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற சின்னக் கம்பெனி நடத்திய டேவ் ஸ்மித். ஒவ்வொரு கம்பெனியும் தன் கருவிக்கு மட்டும் பொருந்தும் கேபிளும் சமிக்ஞையும் வைத்திருந்த காலம் அது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருந்தால்தான் இந்தத் தொழிலே வளரும் என்று 1981-இல் காகேஹாஷி பேச்சை எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் ஒலிப்பொறியாளர் மாநாட்டில் ஸ்மித் ஒரு பொது இணைப்புக்கான வரைவைப் படித்தார். 1983 ஜனவரியில் அனஹைம் நகரத்து இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் புரொஃபெட் 600-ஐயும் ரோலண்டின் ஜுபிட்டர் 6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டிக் கம்பெனிகள் இரண்டின் கருவிகள் முதல்முறையாக ஒன்றுக்கொன்று பேசின. மிடி என்ற பெயரில் அந்த ஏற்பாட்டின் முதல் விதிநூல் அந்த ஆகஸ்டில் வந்தது. இரண்டு பேரும் அதற்கு உரிமைத்தொகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு மலிவான கீபோர்டின் முதுகில் மிடி துளை இருந்திருக்காது. 30 ஆண்டு கழித்து, 2013-இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

மிடி கேபிளில் ஒலி போகாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்த மாதிரி. போவது வெறும் எண்கள். நடுவில் உள்ள ‘ஸ’ கட்டையை நீங்கள் அழுத்தினால் மூன்று எண்கள் கிளம்பும்: அழுத்தியாயிற்று என்பதற்கு ஓர் எண், எந்தக் கட்டை என்பதற்கு 60, எவ்வளவு ஓங்கி அடித்தீர்கள் என்பதற்கு 127-க்குள் ஓர் எண். நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் இந்த மூன்றும் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. அந்தக் காலத்துச் சில்லுகளால் அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் மேடைக்கு அது தாராளம். இரண்டு கருவிகளுக்கும் நடுவில் நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒளிவழியாகச் சமிக்ஞையைக் கடத்தும் சிறு பாகம் ஒன்றையும் விதியிலேயே சேர்த்தார்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் ‘உம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வருமே, அது இந்தக் கேபிள் வழியாக ஏறக்கூடாது என்பதற்காக. 1983-இல் யோசித்தது இன்றைக்கும் நம் ஊர்த் திருவிழா மேடையில் வேலை செய்கிறது.

அந்த விதிநூலில் ‘புரோகிராம் சேஞ்ச்’ என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. இரண்டே எண்கள். “டோனை மாற்று, 128-இல் இதை எடு” என்று ஒரு கருவி இன்னொன்றுக்குச் சொல்வது. மேடை மென்பொருளின் கரு இந்த இரண்டு எண்ணில்தான் இருக்கிறது. அதுவரை விரலால் மட்டுமே மாற்ற முடிந்த டோனை இனி வேறு யாரோ மாற்றலாம். அந்த ‘வேறு யாரோ’ ஒரு கணினியாகவும் இருக்கலாம்.

நம்மூருக்குக் கணினி இசை வந்தது தாமதமாக இல்லை. 1986 தீபாவளிக்கு வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். கணினி வழியாக இசை பதிவான முதல் இந்தியப் படம் என்று அதைத்தான் சொல்வார்கள். பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும் அந்தப் பெட்டிக்குள் யமஹாவின் எஃப்எம் ஒலிப் பலகையும் இருந்தது. 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராசன் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியப் பெட்டி வாசித்தவர், 43 வயதில் கணினியை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். திலீப் என்ற பெயரில் அப்போது அவர் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்தான், ஆறு ஆண்டு கழித்து ‘ரோஜா’வுக்கு இசையமைத்த ரஹ்மான்.

ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் கோடம்பாக்கத்தில் நான்கு சுவருக்குள் நடந்தது. ‘புன்னகை மன்னன்’ பாட்டைக் கள்ளக்குறிச்சி மேடையில் வாசித்த குழுவிடம் கணினி இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. அன்றைய கணினி முன்கூட்டி எழுதியதை வரிசையாக வாசிக்கும். பாடகர் உருகிப்போய்ப் பல்லவியை இன்னொரு தடவை பாடினால் அதற்குத் தெரியாது. கூட்டம் கைதட்டி ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் அதற்குக் கேட்காது.

அடுத்த கட்டம் ஜெர்மனியில், ஹம்பர்க் நகரத்தைச் சுற்றி நடந்தது. சார்லி ஸ்டைன்பெர்க் ஒலிப்பொறியாளர். மான்ஃப்ரெட் ரூருப் கீபோர்டு வாசிப்பவர். இருவரும் சேர்ந்து 1984-இல் ஸ்டைன்பெர்க் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே வட்டாரத்தில் இன்னொரு குழு, அட்டாரி எஸ்டி கணினிக்காக இசை மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்டியிலேயே மிடி துளைகள் இருந்தன. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அந்த இரண்டாவது குழுதான் பின்னால் எமாஜிக் என்ற பெயரில் ‘லாஜிக்’ மென்பொருளைக் கொடுத்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1996-இல் ஸ்டைன்பெர்க் விஎஸ்டி என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. எதிரொலி போன்ற வேலைகளுக்குத் தனிப்பெட்டி தேவையில்லை, கணினிக்குள்ளேயே செய்துகொள்ளலாம் என்றது. 1999-இல் அதன் இரண்டாம் பதிப்பு, கருவியையே கணினிக்குள் வைத்தது. அதன்பின் ஆர்கனும் பியானோவும் வெறும் கோப்பாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் விஎஸ்டி கருவி எழுதலாம் என்று விதியைத் திறந்துவிட்டதால் உலகம் முழுக்க ஆட்கள் எழுதித் தள்ளினார்கள். காகேஹாஷியும் ஸ்மித்தும் கேபிளுக்குச் செய்ததை ஸ்டைன்பெர்க் ஒலிக்குச் செய்தது என்பேன்.

இத்தனை இருந்தும் மேடைக்கு வர முடியவில்லை. காரணம் தாமதம். கீபோர்டுக்காரர்கள் ‘லேட்டன்சி’ என்று சொல்லிச் சலித்துக்கொள்வார்களே, அதுதான். கட்டையை அழுத்திய கணத்துக்கும் ஸ்பீக்கரில் ஒலி வரும் கணத்துக்கும் உள்ள இடைவெளி. சாதாரண விண்டோஸ் வழியாக அன்று ஒலி வெளியே வர 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். தபலா ஒரு தட்டு தட்டி முடித்த பிறகு உங்கள் கார்டு கேட்கும். கேட்பவருக்குத் தாளம் தெரியாத ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கும். வாசிப்பவருக்குக் கை நடுங்கும்.

எவ்வளவு தாமதம் தாங்கும்? ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர். மேடையில் உங்களுக்கு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தபலாக்காரரின் தட்டு, உங்கள் காதுக்கு வருவதே ஒன்பது மில்லி விநாடி கழித்துத்தான். அதைப் பொறுத்துக்கொண்டுதான் காலங்காலமாகக் கச்சேரி நடக்கிறது. ஆக, பத்து மில்லி விநாடிக்குள் கணினி பதில் சொன்னால் போதும், கை ஏற்றுக்கொள்ளும்.

கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது. கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். அந்தச் சேமிப்புக்குப் பஃபர் என்று பெயர். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 512 மாதிரிகள் சேரும்வரை காத்திருந்தால் 11.6 மில்லி விநாடி போய்விடும். 128 என்று குறைத்தால் 2.9 தான். அப்படியானால் குறைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். குறைத்தால் கணினி மூச்சுத் திணறும். அடுத்த தவணை தயாராவதற்குள் முதல் தவணை தீர்ந்துபோய், ஸ்பீக்கரில் ‘படபட’வென்று வெடிக்கும். தாமதமா, வெடிப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. 1997-இல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த ஏஎஸ்ஐஓ என்ற டிரைவர் ஏற்பாடு, விண்டோஸின் நடு வழிகளைத் தாண்டி மென்பொருளை ஒலிக்கருவியோடு நேரடியாகப் பேச வைத்தது. தாமதம் ஒற்றை இலக்க மில்லி விநாடிக்கு இறங்க வழி பிறந்தது. மேடை மென்பொருளுக்குத் தாய் யார் என்று என்னைக் கேட்டால், பெரிய பெயர் பெற்ற எந்த மென்பொருளையும் காட்ட மாட்டேன். யாரும் கவனிக்காத இந்த டிரைவரைத்தான் காட்டுவேன்.

இன்னொரு தடையும் இருந்தது. நல்ல பியானோ ஒலி வேண்டுமென்றால் 88 கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். அந்த அளவுக்கு நினைவகம் அன்றைய கணினிகளில் கிடையாது. 1998-இல் வந்த கிகாசாம்பிளர் ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டது. நீங்கள் கட்டையை அழுத்தி அந்தத் தொடக்கம் ஒலிக்கும்போதே மீதியை ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்துவிடும். பந்தியில் முதல் வரிசைக்கு இலையில் சோறு விழும்போதே அடுத்த உலை கொதிக்கிற மாதிரி. ஸ்டுடியோத் தரத்து பியானோ ஒரு சாதாரணக் கணினிக்குள் வந்தது இப்படித்தான்.

எல்லாம் தயார். ஆனால் மேடைக்காரரின் அந்த அவசரத்துக்கென்று யாரும் இன்னும் எழுதவில்லை. 2001-இல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ், பெயரிலேயே மேடையை வைத்திருந்தது. ஆனால் அது லூப்களை அடுக்கி வாசிக்கும் மின்னிசைக்காரர்களுக்குத்தான் கைகொடுத்தது. இதற்கிடையில் 2002 ஜூலையில் ஆப்பிள் எமாஜிக்கை வாங்கியது. வாங்கிய கையோடு லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. அதை நம்பித் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பெரிய அடி. அந்தக் கோபம் ஆறக் காலம் பிடித்தது.

2007 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட லாஜிக் ஸ்டுடியோ தொகுப்புக்குள் மெயின்ஸ்டேஜ் என்று ஒரு புது மென்பொருள் இருந்தது. அதன் அமைப்பைப் பார்த்தாலே மேடை தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று புரியும். மொத்தக் கச்சேரிக்கு ஒரு கோப்பு. அதற்குள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தொகுதி. தொகுதிக்குள் வரிசையாகப் பேட்ச்கள்: இன்ட்ரோ, பல்லவி, முதல் பிஜிஎம், சரணம். உங்கள் கீபோர்டில் எத்தனை திருகு, எத்தனை ஸ்லைடர் உண்டோ அத்தனையையும் திரையில் அதே இடத்தில் வரைந்து வைத்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது மெனு, பட்டியல் எதுவும் கண்ணில் படாது. அடுத்த பேட்ச்சின் பெயர் பெரிய எழுத்தில் நிற்கும். இருட்டில், விளக்கு கண்ணைக் கூசவைக்கும்போது, ஒரு நொடி எட்டிப் பார்த்தால் போதும்.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். பழைய கீபோர்டுகளில் ஸ்ட்ரிங்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும்போதே டோனை மாற்றினால் ‘டக்’கென்று ஒலி அறுந்துவிடும். அதை மறைக்கத்தான் அனுபவக்காரர்கள் தபலா உருட்டும் இடமாகப் பார்த்துப் பொத்தானை அழுத்துவார்கள். மெயின்ஸ்டேஜில் நீங்கள் பிடித்திருக்கும் ஒலி, விரலை எடுக்கும்வரை நிற்கும். அடுத்து அழுத்தும் கட்டை புது டோனில் பேசும். ஸ்ட்ரிங்ஸ் தேய்ந்து அடங்கும்போதே அதன் மேல் புல்லாங்குழல் எழும். சென்னை ஸ்டுடியோவில் இரண்டு பேர் செய்ததை ஒருவர் செய்துவிடலாம்.

முதலில் லாஜிக்கோடு சேர்த்து 499 டாலர். 2011-இல் தனியாக 29.99 டாலருக்கு விற்றார்கள். நியூயார்க் பிராட்வே நாடக அரங்குகளில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வாசிப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாடகத்துக்கு நூற்றுக்கணக்கில் டோன் மாற்றங்கள் வரும். அதை எழுதிக் கொடுப்பதே தனித் தொழிலாயிற்று. ஆனால் மேக் கணினி இருந்தால்தான் இது ஓடும். விண்டோஸ்காரர்களுக்கு ஆஸ்திரேலியாவில் பிராட் ராபின்சன் எழுதிய கேன்டபிலே இருந்தது. அதில் இலவசப் பதிப்பும் உண்டு. டெஸ்கியூ நிறுவனத்தின் கிக் பெர்ஃபார்மர் மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும்.

நம் இசைக்கு வருவோம். கமகம் இல்லாமல் நம் பாட்டு இல்லை. கட்டைக்குக் கட்டை தாவும் கருவியில் கமகம் எங்கே வரும் என்று ஆர்மோனியத்தைத் திட்டியது போலவே கீபோர்டையும் திட்டினார்கள். மிடியில் கட்டைகளுக்கு 128 எண்கள்தான். ஆனால் இடப்பக்கத்துப் பிட்ச் பெண்டு சக்கரத்துக்கு 16,384 படிகள் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சக்கரத்தை வைத்துத்தான் கீபோர்டு சத்யநாராயணன் சிறுவயதிலிருந்தே சபாக்களில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்து காட்டினார். சிக்கல் என்னவென்றால், சக்கரத்தை அசைத்தால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாக் கட்டையும் சேர்ந்து அசையும். இடக்கை கார்டும் வழுக்கும். மேடை மென்பொருளில் கீபோர்டை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கத்து வீணைக்கு மட்டும் சக்கரம் வேலை செய்யும்படி வைத்துவிடலாம். ஒரு தடவை செய்து வைத்தால் போதும்.

இவ்வளவு நல்லது என்றால் நம் பக்கத்து மேடைகளில் லேப்டாப் ஏன் அரிதாக இருக்கிறது? கீபோர்டுக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசையும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10-உம் ஸ்விட்சைப் போட்டால் சில நொடியில் எழுந்துவிடும். கரன்ட் போய் ஜெனரேட்டர் வந்தாலும் அப்படியே. லேப்டாப்பில் முழுக் கச்சேரிக் கோப்பு ஏற நிமிடங்கள் ஆகும். மிடி கேபிளில் தடுத்து வைத்த அந்த ‘உம்ம்ம்’ இரைச்சல், லேப்டாப் சார்ஜர் வழியாக மறுபடி வந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும். கிரவுண்டு லிஃப்ட் உள்ள டைரக்ட் பாக்ஸ் ஒன்று இருந்தால் சார்ஜரோடே வாசிக்கலாம். இரவல் வாங்கிய கிராக் மென்பொருளைப் போட்டு மேடை ஏறுவது என்னைக் கேட்டால் தற்கொலைக்குச் சமம். இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

கல்வராயன்மலைக்கு ஏறினால் கணக்கே வேறு. 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை; சாலையும் மின்சாரமும் சமவெளிக்கு வந்த வெகுகாலம் கழித்தே மேலே ஏறின. கோமுகி அணையைத் தாண்டி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் போய்ச் சேரும்போது வெயில் தணிந்து குளிர் ஏறியிருக்கும். இரவுப் பனியில் மிருதங்கத்தின் தோலும் தபலாவின் தோலும் இறங்கும். தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கணினியின் சுருதி பனிக்கு அசையாது. ஆனால் அங்கே செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. திறக்கும்போது இன்டர்நெட் கேட்டு லைசென்ஸைச் சரிபார்க்கும் மென்பொருள் உங்களிடம் இருந்தால், கச்சிராயபாளையத்திலேயே திறந்து பார்த்துவிட்டு மலை ஏறுங்கள். மேடையில் வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் தன்னை அப்டேட் செய்துகொள்ளத் தேர்ந்தெடுக்கும் நேரம் எப்போதும் கச்சேரி நேரம்தான்.

தொடங்க நினைப்பவர்கள் பலர் கடையில் புதுக் கன்ட்ரோலர் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். வேண்டியதில்லை. உங்கள் பழைய யமஹாவோ கேஷியோவோ, அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கணினிக்கென்று ஒரு சதுர யுஎஸ்பி துளை இருக்கும். 1983-இல் அனஹைமில் போன அதே எண்கள்தான் அதன் வழியாகவும் போகும். செட்டிங்கில் ‘லோக்கல்’ என்பதை ஆஃப் செய்தால் கீபோர்டின் சொந்த டோன் அடங்கி, கட்டைகள் லேப்டாப்பை மட்டும் வாசிக்கும். லேப்டாப் தூங்கிவிட்டால் லோக்கலை ஆன் செய்யுங்கள். பழைய கீபோர்டு பழையபடி பாடும். இப்படிப் பின்னால் ஒரு பாதுகாப்பு இருக்கும்போது புதியதை முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

முதல் மாதத்துக்கு மூன்று டோன் போதும்: ஒரு பியானோ, ஒரு ஸ்ட்ரிங்ஸ், ஒரு புல்லாங்குழல். ஒரே ஒரு பாட்டை எடுத்து அதன் டோன் மாற்றங்களை மட்டும் எழுதி, கால் பெடலில் பழகுங்கள். கையில் இருக்கும் லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை மாற்றி எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள். பஃபரை 256-இல் வைத்துத் தொடங்கி, வெடிக்காமல் இருந்தால் 128-க்கு இறக்குங்கள். இரண்டு மணி நேரம் வீட்டில் விடாமல் ஓடவிட்டுப் பார்த்த பிறகே மேடைக்குக் கொண்டுபோங்கள். ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தாலும் தொடக்கத்துக்குப் போதும். ஏஎஸ்ஐஓ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் பிறகு வாங்கலாம். அந்தச் சதுரத் துளைக்குப் பொருந்தும் கேபிளைக் கள்ளக்குறிச்சியில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் பிரிண்டர் கேபிள் என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.